பதினேழாம் பக்கம்

மாணவர் எண் வந்த அன்று
டாஃப்ட் துறையில் படகு ஓடவில்லை.
காற்று.
நூலக வேனின் கதவை ஒரு கையால்
உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு
மறுகையால் படிவத்தை முடித்தேன்.
பிறந்த ஆண்டு வரும்வரை
திரையை நெடுநேரம் தள்ள வேண்டியிருந்தது.
முன் அனுபவம் என்ற கட்டத்தில்
'ஓட்டுநர், பதினோரு ஆண்டுகள்' என்று எழுதி
அழித்து
மறுபடி அதையே எழுதினேன்.

மரம் நிற்காத ஷெட்லாண்ட் தீவுகளில்
இரண்டாயிரம் புத்தகங்களை
ஏற்றிக்கொண்டு திரிகிறவள் நான்.
எந்த வளைவில் எந்தத் தட்டு சரியும் என்று தெரியும்.
முதலில் சரிவது எப்போதும் வரலாறு.

இனி முதுநிலைப் பட்டம்.
இரவு எட்டுக்கு வகுப்பு.
திரையில் பதினாறு முகங்கள்.
கார்க் நகரத்திலிருந்து ஒருவன்
பிள்ளையை மடியில் ஆட்டியபடி குறிப்பெடுக்கிறான்.
என் முகம் மட்டும் அடிக்கடி உறைந்துபோகும்,
வாய் பாதி திறந்து,
வலையில் ஏறிய மீன் மாதிரி.

முதல் வாரம்: தகவல் என்றால் என்ன?
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.
பாபி இஸ்பிஸ்டர் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது
"கடைசியில் நாய் செத்துவிடும்" என்பாள்.
பின்னால் நிற்கும் ஜெர்டி
நீட்டிய கையை இழுத்துக்கொள்வாள்.
அதுதான் தகவல்.
முப்பது சொல்கூடத் தேறவில்லை.

நான்காம் வாரம் கட்டுரையில் இதை எழுதினேன்:
படித்ததையே மறுபடி எடுத்துப்போய் ஏமாறாமலிருக்க
எங்கள் வாசகர்கள்
பதினேழாம் பக்கத்தில் பென்சிலால் குறி வைப்பார்கள்.
பாபிக்கு ஒரு முக்கோணம்.
ஜெர்டிக்கு எண்ணின் கீழே ஒரு கோடு.
லோவ்ரி மூவட்டுக்குத் தூண்டில்முள்.
ஏன் பதினேழு, யார் தொடங்கியது, தெரியாது.
அவர்கள் என்னிடம் சொன்னதில்லை,
பார்த்தேன் என்று நானும் சொன்னதில்லை.

முனைவர் ஃபார்கர்சன் ஓரத்தில் கேட்டிருந்தார்:
சுவாரசியம். மேற்கோள் ஆதாரம் எங்கே?
அதற்குக் கீழே:
இதை 'நூல்களைச் சேதப்படுத்துதல்' என்ற தலைப்பில் சேர்க்கலாமே?

ஆறாம் வாரம்: களையெடுப்பு.
ஐந்தாண்டாக யாரும் இரவல் எடுக்காதது
களை என்று கொள்க.
இங்கே மண்ணில் களைகூடச்
சிரமப்பட்டுத்தான் முளைக்கும், ஆனாலும்
பயிற்சிக்கு என் வேனையே கொடுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு, என்றது கணினி.

யெல் தீவில் மழை விடும்வரை
ஒவ்வொன்றாக இறக்கினேன்.
கலங்கரை விளக்கங்கள் பற்றித் தடியாக ஒன்று.
கடைசி இரவல்: எட்டு ஆண்டுகளுக்கு முன்.
பழக்கதோஷம், பதினேழைப் புரட்டினேன்.
தூண்டில்முள்.
அதன் கீழே இன்னொன்று.
அதற்கும் கீழே.
மொத்தம் ஏழு.

லோவ்ரியிடம் இரவல் அட்டையே கிடையாது.
கேட்டால், படகில் நனைந்துவிடும் என்பான்.
மழைக்கு ஏறி, நின்றபடி படித்து,
விட்டதும் இறங்கிவிடுவான்.
ஏழு முறை முடித்தானா
ஏழு முறை தொடங்கினானா
கேட்க வழியில்லை.
போன மார்ச்சில் படகை விற்றுவிட்டு
அபர்டீனுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.
நான்காவது மாடியாம்.

மற்ற நூற்றுப் பதினொன்றையும் கழித்தேன்.
மறைப்பானேன், கழித்தேன்.
பாதிக்கு மேல் எனக்கே பிடிக்காதவை.
வேன் லேசானது.
மிட் யெல் வளைவில்
முதல்முறையாக வரலாறு சரியவில்லை.

கலங்கரை விளக்கத்தை என் அட்டையில் போட்டுக்கொண்டேன்.
பார்கோடு ஒருமுறை கூவியது.
இனி ஐந்தாண்டுக்கு அதை யாரும் தொட முடியாது.

நேற்றிரவு கட்டுரையைத் திருத்தி அனுப்பினேன்.
ஆதாரம் என்ற இடத்தில் தட்டினேன்:
மூவட், லோ. பென்சில். ப. 17. ஆண்டு தெரியவில்லை.
முற்றுப்புள்ளிகள் சரியான இடத்தில்தான் விழுந்தனவா
என்று இரண்டுமுறை பார்த்தேன்.

இன்றும் படகு இல்லை.