ஐம்பது ரூபாய் ஜாமீன்

ஜன்பத் ஆவணக் காப்பகத்தில்
கோப்பு வர நாற்பது நிமிடம் என்றார்கள்.
இரண்டு மணி நேரம் கழித்து வந்தது,
எலி கடித்த ஒரு மூலையோடு.

அப்பாதான் அனுப்பினார்.
ஊரில் பூட்டுச்சாமி மடத்துக்குக் குடமுழுக்கு,
மலர் போடுகிறார்கள்.
"வெள்ளைக்காரன் எதையும் எழுதாம விடமாட்டான்.
பூட்டு தானாத் திறந்துச்சுன்னு
அவன் கையாலேயே எழுதியிருப்பான், பாரு.
தில்லியில இருந்துக்கிட்டு
இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

உங்களுக்குக் கதை தெரியாது. எங்கள் வீட்டில்
சோற்றுக்கு முன்னால் அதுதான்.
தீர்வை கட்டாதே என்று பாடினார் சாமி.
பிடித்துப் போனார்கள்.
மூன்று நாள் பச்சைத் தண்ணீர் இல்லை.
நாலாம் நாள் நடுச்சாமம், பதினொரு பாட்டு.
கடைசிப் பாட்டு முடியவும்
பூட்டு விளாம்பழம்போலக் கழன்று விழுந்தது.
துரை தொப்பியைக் கழற்றினான்.
சில வருடங்கள் கதையில் தொப்பி இருக்காது,
அது அப்பாவின் மனநிலையைப் பொறுத்தது.

ஏழு வயதில்
ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் குளியலறையில்
தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது எனக்கு.
அழவில்லை. பாடினேன்.
ஒன்பதாவது மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து.
கதவு திறந்தது.
மேல்வீட்டு சுக்பீர் பையா நின்றார்,
கையில் திருப்புளி,
பல்லில் கடித்த திருகாணிகள்.
அவருக்கு ஒரு டம்ளர் காபி.
சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல்.

பரீட்சைகளுக்குப் பாடியிருக்கிறேன்.
சப்தர்ஜங்கில், அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு,
உதடு அசையாமல், இரவு முழுக்க.

கோப்பில் ஒரே தாள். குமாஸ்தா ஆங்கிலம்.
மதராஸிலிருந்து தில்லிவரை
இது ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது.
மனுதாரர் ஏழை,
பிறர் பேச்சைக் கேட்டுப் பாடிவிட்டார்.
மனுதாரரின் மனைவிக்குப் பிரசவ ஜன்னி.
துரையவர்கள் தயவு வைக்க வேண்டும்.
ஜாமீன் ஐம்பது ரூபாய்.
இனி எக்காலத்திலும் பாடுவதில்லை.
கீழே தமிழில், புள்ளி வைக்காமல்,
சிதமபரலிஙகம்.
ஓரத்தில் வேறு மையில்: விடலாம்.

பூட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.
திறந்தவன் பெயரும் இல்லை.
சம்பளத்துக்குத் திறந்திருப்பான்.

கோபம் வரவில்லை முதலில்.
வெட்கம்தான் வந்தது,
குளியலறைக்குள் நான் பாடிக்கொண்டிருந்ததை
யாரோ இத்தனை நாளும்
பார்த்துக்கொண்டே இருந்ததுபோல.
பக்கத்து மேசைப் பையன்
பேனாத் தொப்பியைக் கடித்துக்கொண்டு
என் முகத்தையே பார்த்தான்.

வாசலில் பிரெட் பக்கோடா தின்றுகொண்டிருந்தபோதுதான்
உறைத்தது.
மனைவியா?
எங்கள் சாமி கட்டைப் பிரம்மச்சாரி.
பெண் நிழல் பட்டால் மூன்று முழுக்குப் போடுபவர்.
மடத்துக்குள் இன்றைக்கும் நாங்கள்
திரைக்கு வெளியேதான் நிற்கிறோம்.
ஜன்னியில் கிடந்தவள் பிழைத்தாளா?
பிள்ளை?
பாடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தவர் என்றால்
அந்தப் பதினொன்றையும் எழுதியது யார்?
வாக்கை மீறினாரா, பயந்துகொண்டே?
அல்லது, பாட்டு நின்றுபோன வீட்டில்
அவள் எதையாவது முணுமுணுத்தாளா?

அந்த மனிதரை,
ஜன்னிக்கு அஞ்சி ஓடிவந்த அவரை,
யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்
நான் கும்பிட்டிருப்பேன் என்று தோன்றியது.
உடனே அதுவும் பொய்யாகப் பட்டது.
ஏழு வயதில் எனக்கு வேண்டியிருந்தது
விளாம்பழம்தான்.

நகல் எடுக்கப் பணம் கட்டினேன்.
பிங்க் சீட்டு கொடுத்தார்கள்.

துவாரகாவில் மெட்ரோ விட்டு இறங்கும்போது
பனி தெருவிளக்கு உயரத்துக்கு வந்திருந்தது.
வாசல் பூட்டு குளிரில் இறுகிக் கிடந்தது.
எண்ணெய் விடலாமென்றால்
தேங்காயெண்ணெய் வீட்டுக்குள்,
அதுவும் ஜனவரியில் கல்.
உள்ளங்கையில் பொத்தி ஊதினேன்.
சாவியை ஆட்டினேன். மறுபடி ஊதினேன்.
நாக்கு, கேட்காமலே,
முதல் பாட்டைத் தொடங்கியிருந்தது.
சனியனே என்று நிறுத்தினேன். அது நிற்கவில்லை.

எந்த அடியில் திறந்தது என்று
கவனிக்கவில்லை.
பைக்குள் அப்பாவின் அழைப்பு
மூன்றாம் முறையாக அதிர்ந்துகொண்டிருந்தது.