பதினெட்டு நானோ நொடி

வியாழக்கிழமை வந்த கடிதம் மூன்றே வரி.
அந்தச் சில்லு இனிமேல் இல்லை.
கடைசிக் கொள்முதலுக்கு ஆறு மாதம் தந்தார்களாம்.
அந்த ஆறு மாதம் முடிந்து ஒன்பது வருடம்.
எங்கள் அலுவலகத்துக்கு மட்டும்
செய்தி நடந்தே வந்திருக்கிறது.

லோயாங், மூன்றாம் மாடி, திறக்காத ஜன்னல்.
இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கத் தெரியாத தீவில்
ஏர்கானுக்குப் பயந்து கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு
நான் தேடுவது
மைனஸ் ஐம்பத்தைந்தில் விறைக்காத,
நூற்று இருபத்தைந்தில் உளறாத
ஒரு பதினான்கு கால் பூச்சி.

பிளாஸ்டிக் உடம்பு ஆகாது. செராமிக் வேண்டும்.
பிறந்த வாரம் முதுகில் எழுதியிருக்க வேண்டும்.
காலுக்குப் பூசிய வெள்ளீயத்தில்
கொஞ்சமாவது காரீயம் கலந்திருக்க வேண்டும்,
சுத்த வெள்ளீயத்துக்கு மீசை முளைக்கும்.
சிரிக்காதீர்கள், உண்மையாகவே முளைக்கும்.
கண்ணுக்குத் தெரியாத ஒற்றை மயிர்
பக்கத்துக் காலைத் தொட்டால் போதும்,
முடிந்தது.

எது முடிந்தது என்று கேட்கக் கூடாது.
பலகை எந்தப் பெட்டிக்குள் போகிறது,
பெட்டி எதன் வயிற்றுக்குள் போகிறது
எங்களுக்குச் சொல்வதில்லை.
படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும்
சாம்பல் நிறம்.

சிம் லிம் டவரில் குவெக் என்பவரிடம் நாற்பது இருந்தது.
எண்பத்தேழாம் ஆண்டு, பதினான்காவது வாரம்,
பிரிக்காத குழாய், என்றார்.
விலையைக் கால்குலேட்டரில் அடித்து என் பக்கம் திருப்பினார்,
வாயால் சொல்ல வெட்கப்பட்டவர் போல.
ஒன்றே ஒன்று வாங்கினேன்.
அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் அதன் முதுகைத் துடைக்க
மூன்றாவது இழுப்பில் பஞ்சு கறுத்தது.
எண்பத்தேழு கரைந்துபோய்
அடியில் வேறொரு பெயர்,
ஏதோ அலுவலகக் கணினியில் குளிர்பதனத்தில் வாழ்ந்த பெயர்.
கோபம் வரவில்லை.
பொய்ச் சான்றிதழோடு வேலைக்கு வந்தவனைப்
பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு சிவப்புப் பையில் போட்டு ஒட்டினேன்.

கடைசியில் கிடைத்தது முறையான ஒன்று.
பன்னிரண்டு பக்கச் சான்று.
காலுக்குக் கால் சரி, வோல்ட்டுக்கு வோல்ட் சரி,
சூட்டிலும் குளிரிலும் கலங்கவில்லை.
பற்றவைத்தோம்.
நூறு முறை சரியாக எண்ணியது பலகை.
நூற்றொன்றாவது முறை
எண்ணாமலே எண்ணியதாகச் சொன்னது.

மூன்று இரவு, அலைக்காட்டிக்கு முன்னால்
ஹைருலும் நானும், டாப்பாவ் செய்த மீ கோரெங்கும்.
விடியப்போகும் நேரத்தில் அவர்தான் திரையில் விரல் வைத்தார்:
மெஹர், இவன் அவசரக்காரன்.

பழையது பதினெட்டு நானோ நொடியில் பதில் சொல்லும்.
இது ஆறில்.
கேள்வி முடியுமுன்னே பதில் வந்து
வாசலில் நிற்கிறது.

முப்பது வருடமாக அந்தப் பலகை
ஒரு மந்தத்தின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறது.
வரைந்தவருக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ.
தாளின் மூலையில் கே.எல். என்று இரண்டெழுத்து,
அவ்வளவுதான்.
தாமதம் தேவை என்று
எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.
எவ்வளவு வேகம் வேண்டும் என்பதற்குத்தான்
பட்டியலில் இடம் உண்டு.

சில்லுக்குள் நான்கு வாயில்கள்.
ஒன்றுக்கு மட்டும் வேலை,
மற்ற மூன்றும் தரையோடு கட்டிக் கிடந்தன.
அதில் இரண்டை அவிழ்த்துவிட்டு
மயிரிழை போன்ற நீலக் கம்பியால் வரிசையில் கோத்தோம்.
போ, ஆனால் மூன்று வாசல் கடந்து போ.
மூவாறு பதினெட்டு.

மாற்றத்துக்குக் காரணம் கேட்டது படிவம்.
"அதிக வேகம்" என்று எழுதினேன்.
மறுநாள் திரும்பி வந்தது:
"இது குறையா? விளக்கவும்."
இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாலை பேருந்து நிறுத்தத்தில்
மேலே ஏதோ கடந்தது.
நிமிர்வதற்குள் வானம் காலி.
சத்தம் பிறகுதான் வந்தது,
தன் நேரத்தில்,
கூரைத் தகட்டை அதிரவைத்து.
பக்கத்தில் நின்ற பள்ளிப் பையன் காதைப் பொத்தினான்.
என் பலகையாக இருக்காது.
இருக்கலாம்.