உப்பு

அறுபத்திரண்டு தட்டுக்கும் ஒரே கை உப்பு.
இல்லத்தில் பத்தொன்பது வருடம் அதுதான் ருசி.
கூடவா குறையவா என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
நானும் என்னைக் கேட்டதில்லை.

இப்போது கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
இரண்டு படி ஏறும் வாடகை வீடு.
படிமேல் சிமெண்டைச் சரித்துப் பூசி
என் சக்கர நாற்காலிக்கு வழி விட்டார்
எதிர்வீட்டுக் கொத்தனார்.
கொஞ்சம் செங்குத்துதான்.
மாங்கூழ் ஆலை லாரி மாதிரி
உறுமிக்கொண்டே இறங்குவேன்.

சாவி திம்மக்காவின் கழுத்தில்,
தூங்கும்போதும் கழற்ற மாட்டாள்.
ரெஜினா பேச மாட்டாள்.
வேண்டாததைக் கையால் தள்ளிவைப்பாள்.
இல்லத்தின் பதிவேட்டில் அதற்குப் பெயர் அடம்.
இந்த வீட்டில் அது பதில்.

காலையில் யசோதா வருவாள்,
என்னைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டு
"இன்னைக்கு என்ன சமைக்கலாம்?" என்பாள்.
முதல் வாரம் முழுக்க
மூன்று பேரும்
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
இரண்டாவது வாரம் சண்டை.
எனக்கு உப்பு தூக்கலாக வேண்டும்,
திம்மக்காவுக்கு ஆகாது,
ரெஜினா குழம்பையே தள்ளிவைத்தாள்.

ஒருநாள் யசோதா கிளம்பிப் போனபின்
களி வெந்துவிட்டது,
அவரைக்காய்க் குழம்பு கொதிக்கிறது,
உப்பு ஜாடி காலி.
திம்மக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு
எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள்.
அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.
ஒரு தெருவைத் தனியாகக் கடந்தது
அன்றைக்குத்தான்.

வெறும் டம்ளரோடு திரும்பினாள்.
"இப்ப இல்லன்னாங்க."

மூவருக்கும் பழகிய வார்த்தை அது.
பேருந்தில், கல்யாண மண்டபத்தில்,
இந்த வீட்டுக்கு முன்னால் பார்த்த
ஏழு வீட்டு வாசலில்
இப்படித்தான், மெதுவாக, கதவோடு சேர்த்து.
உப்பில்லாத களியை
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் விழுங்கினோம்.
ரெஜினா கூடத் தட்டைத் தள்ளவில்லை.

விடிந்ததும் நஞ்சம்மா வந்தாள்,
கல்லுப்பு ஒரு படி, முறத்தில்.
"வெளக்கு வச்சப்புறம் உப்பு கேட்டா
யாராவது குடுப்பாங்களா?
என் கூடப்பொறந்தவ வந்து நின்னாலும்
குடுக்க மாட்டேன்.
இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

தெரியாது.
அங்கே விளக்கு வைப்பதில்லை,
சுவிட்ச் போடுவார்கள்.
கூடப்பிறந்தவளுக்கும் இல்லாதது
எங்களுக்கும் இல்லை என்று
அன்று பகல் முழுக்க
சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.
யசோதாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு
கிண்ணத்தோடு நஞ்சம்மா எங்கள் வாசலில்:
"ஒரு சொட்டு உறைமோர் இருந்தா..."

நிலைப்படியை அடைத்து நின்ற திம்மக்கா
கழுத்துச் சாவியை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.
பிறகு அவளுக்கே உரிய நிதானத்தில்,
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்:
"வெளக்கு.
வச்சாச்சு.
காலையில.
வா."

"அடிப்பாவி" என்ற சத்தம்
தெருவைக் கடந்து
எதிர்வீட்டுக்குள் போகும்வரை கேட்டது.