செவ்வாயிலிருந்து வெள்ளி வரை

ஓல்ட்டன் நகரசபையின் மூன்றாம் மாடியில்
இரவு எட்டுக்குப் பிறகு
நான்தான் அரசாங்கம்.
ஏழு மேசை, நாலு கழிப்பறை,
‘வெளிப்படைத்தன்மை’ என்று எழுதி ஒட்டிய
கண்ணாடிச் சுவர் ஒன்று.
அதில் படியும் விரலடையாளங்களைத் துடைப்பதும்
என் சம்பளத்துக்குள் அடக்கம்.

செவ்வாய்க்கிழமை
டொக்டர் வெரேனா லூத்தியின் குப்பைக்கூடையில்
கசங்கிய தாளொன்று.
படிக்கக் கூடாது. கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.
ஆனால் இருபத்திரண்டு வருசம்
ஒரு மொழிக்குள் குடியிருந்தவனுக்குக்
கண்ணை மூடிக்கொண்டு பை கட்ட வராது.
‘கொதிக்க வைத்துக் குடிக்கவும்’.
அதைப் பேனாவால் வெட்டி, மேலே
‘அவதானித்து வருகிறோம்’.
அதையும் வெட்டி, ஓரத்தில்
ஒரு கேள்விக்குறி.
கீழே எங்கள் தெருவின் பெயர்.

ஏன் என்று சுகிர்தா கேட்கவில்லை.
கேத்தில் கொதிக்கும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
‘பாதுகாப்பான இடம்’ என்று
ஒலிபெருக்கி சொன்ன இடத்தில்தான்
அவளுடைய அண்ணா படுத்தார்.
எழும்பவில்லை.

மேல்மாடியில் மிர்லிந்தாவின் பிள்ளைக்கு நாலு மாதம்.
விடியப்புறம் மூன்று மணிக்கு
அவள் குழாயைத் திறந்தால்
எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் தண்ணீர் ஓடும்.
புதன் ஓடியது.
வியாழனும் ஓடியது.
படிக்கட்டில் கண்டேன்.
மழையைப் பற்றிக் கதைத்தேன்.

உனக்கெப்படித் தெரியும் என்பாள்.
சொன்னால் வேலை போகும்,
வேலை போனால் வதிவிட அனுமதி
யார் மேசையில் எத்தனை மாதம் கிடக்குமோ.
பிழையாகவும் இருக்கலாம், வெட்டிய வசனம்தானே.
உறுதியில்லாமல் ஒரு கட்டடத்தையே
பயப்படுத்துவதா?
இதையே பகலில் மூன்றாம் மாடியில்
யாரோ
என்னைவிட நல்ல ஜேர்மனில்
சொல்லியிருப்பார்கள்.

வெள்ளி, எல்லாக் கடிதப்பெட்டியிலும் மஞ்சள் தாள்.
அன்றிரவு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.
சேலைன் ஏற்றி, ஞாயிறு திரும்பி வந்தது, சிரித்துக்கொண்டு.
தண்ணீராலா வேறெதாலா என்று
ஒருவரும் எழுதித் தரவில்லை.

திங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம்.
நகரத் தலைவர் எல்லோருக்கும் முன்னால்
ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீர் குடித்தார்.
கமெராக்காரன் மறுபடி குடிக்கச் சொன்னான்.
ஓய்வுபெற்ற ரயில்காரர் ஒருவர் எழுந்தார்:
“நாலு நிமிசம் வண்டி பிந்தினாலும்
நாங்கள் அறிவிப்போம்.
நீங்கள் மூன்று நாள் பிந்தியிருக்கிறீர்கள்.”

லூத்தி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.
“செவ்வாய் சந்தேகம் இருந்தது.
சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.”
தலைவர் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில்
அவருடைய அடுத்த வருசம் முடிந்துபோயிருந்தது.
மண்டபத்துக்கு அதுவும் போதவில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
மிர்லிந்தா கேட்டாள்:
“தெரிந்தும் வாய் திறக்காதவர்களை
இனி எதற்கு நம்புவது?”
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்க்குமளவுக்குத்
தட்டினேன்.

பிறகு மேடையை ஒதுக்கினேன்.
தலைவரின் கிளாசில் முக்கால்வாசி மிச்சம்.
லூத்தியின் கிளாஸ் காலி.
இரண்டையும் ஒரே சவர்க்காரத்தில் கழுவினேன்.

இப்போது மூன்றாம் மாடியில்
தாள் அரைக்கும் இயந்திரம் வந்துவிட்டது.
அதன் பையை மாற்றுவதும் நான்தான்.
இடியப்பம்போல வெள்ளை நூல்கள்,
ஒரு சொல்லும் தப்பாது.

நேற்றுப் படிக்கட்டில் மிர்லிந்தா மறித்தாள்.
“தண்ணீர் சரி என்று கடிதம் போட்டிருக்கிறார்கள்.
அவர்களை நான் நம்பமாட்டேன்.
நீ அங்கேதானே துடைக்கிறாய்,
நீ சொல்லு. நீ சொன்னால் நம்புவேன்.”

பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.
சட்டைப்பைக்குள்
மூன்றாம் மாடியின் சாவிக்கொத்தைச்
சத்தம் வராமல்
பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.