நொடிக்கு நான்கு அந்தி

பழையபேட்டை அமானுல்லா கடையில்
பச்சை போர்டுக்கு ஒரு விலை, மஞ்சளுக்கு ஒரு விலை.
டிவி போர்டை அவர் போர்டு கணக்கிலேயே சேர்ப்பதில்லை.
நான் பொறுக்குவது தராசு முள்ளை அசைக்காது.
"டீக்காசு வெச்சிட்டுப் போ" என்பார்
சாக்கின் மேல் சாய்ந்து
போனில் கிரிக்கெட் பார்த்தபடி.

இந்த வாரம்
மாங்கூழ் ஆலையின் எடை எந்திரத்திலிருந்து
எட்டுக்கால் ஐசி ஒன்று.
சுங்கச்சாவடியில் ரசீது அடித்து ஓய்ந்த பெட்டியின்
தடித்த பொத்தான், காலால் மிதித்தாலும் தாங்கும்.
கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபயரில்
எல்லாக் கெப்பாசிட்டரும் உப்பிப்போயிருந்தன,
விட்டுவிட்டேன்.
அடியில் ஒரு செத்த ரேடியோ.
அதன் வயிற்றில்
சுண்டுவிரல் நகமளவு தகரத்தொப்பி, மூன்று கால்,
ஜெர்மேனியம்.

மீட்டரில் வைத்தால் கசிகிறது.
குழாய் கசிவதைப் போலல்ல.
யாரும் கேட்காதபோதும்
கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.
ரேடியோவுக்கு அது நோய்.
ஃபஸ் பெடலுக்கு
அந்த முணுமுணுப்புதான் முதல்.

சலேத் எலத்தகிரிக்காரி.
ஓசூரில் கியர் ஆலையில் பகல் ஷிப்ட்.
ஞாயிறு பூசைக்கு ஒரு கிட்டார்,
சனி ராத்திரிக்கு வேறு கிட்டார்,
இரண்டும் ஒரே கிட்டார்தான்.
கடைப் பெடல் ஒன்றின் விலை அவளுக்குப் பதினோரு நாள் கூலி.
என்னுடையது மாங்கூழ் டின்னில்.
'பெங்களூரா' என்ற லேபிளில்
'பெங்' மட்டும் உரியாமல் நின்றது.

சித்திரை மதியம் முதல்முறை மீட்டினாள்.
தும்மல். தும்மலுக்கு நடுவில் மூச்சுமுட்டல்.
சூடேறினால் ஜெர்மேனியம் தன் பாட்டுக்குப் பொங்கும்,
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
டின்னைத் தூக்கிப்போய்
ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில், அரைமணி வைத்தாள்.
எடுத்து மறுபடி ஒரு மீட்டு:
கிரானைட் அறுக்கும் வாள்
நடுக்கல்லில் சிக்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் பாடியது போல.

அப்புறம் கன்னடம்.
இரண்டு சுரத்துக்கு நடுவே புகுந்து
ஒரு பெண் தக்காளி விலை படித்தாள்.
ரேடியோவிலேயே ஆயுசு போன டிரான்சிஸ்டர்.
வேலை மாறிவிட்டதை
யாரும் அதனிடம் சொல்லவில்லை போலும்.
சலேத் சிரித்து முடிக்கும்வரை இருந்து
சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று பற்றவைத்தேன்.
தக்காளி போயிற்று.

இதுவரை சொன்னது கடையில் எடுத்தது.
இனி சொல்வது ஏறி எடுத்தது.

அவளுக்கு ஒலி நடுங்கவும் வேண்டும்.
நடுக்கத்துக்கு ஒரு கண் தேவை.
தெருவிளக்கின் தலையில் இருக்குமே,
மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு,
முகத்தில் பாம்பு நெளிந்தது போல் ஒரு கோடு.
நகராட்சி கான்ட்ராக்டில் விளக்கு மாட்டுகிறவன் நான்.
கழற்றிப்போட்டதெல்லாம் மூட்டையாய்க் கிடந்தன,
மழை குடித்துக் குருடானவை.
லண்டன்பேட்டை வளைவில்
பதினேழாம் கம்பத்தில் மட்டும் நல்ல கண்.

ஏறினேன். கழற்றினேன்.
வயரை நேராக முறுக்கி டேப் சுற்றினேன்.
'பழுது. மாற்றப்பட்டது' என்று தாளில் எழுதினேன்.
எதுவாக மாற்றப்பட்டது என்று கேட்க
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இப்போது அது கருப்புக் குழாய்க்குள்
ஒரு சிவப்பு எல்இடியோடு நேருக்கு நேர்.
நாளுக்கு ஒரு அந்தி பார்த்த கண்ணுக்கு
நொடிக்கு நான்கு.
குமிழைத் திருப்பினால் ஏழு.
விளக்கு அணையும்போதெல்லாம் சுரம் பதுங்குகிறது,
திரும்ப வருகிறது,
ஒரே சுரம்தான், ஆனால் எங்கேயோ போய்விட்டு.

நேற்று உச்சிவெயிலில் அந்த வழியாக வந்தேன்.
பதினேழு எரிந்துகொண்டிருந்தது.
வெயிலில் எரியும் விளக்கை
அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.
யாரோ பார்த்திருக்கிறார்கள்.
புகார் வந்திருப்பதாக சூப்பர்வைசர் போன் செய்தார்.
திங்கட்கிழமை என் கைக்காசில் புதுசு மாட்ட வேண்டும்.
அதுவரை ஒரு கம்பத்துக்கு மட்டும்
அந்தியே கிடையாது.

சலேத்திடம் இதைச் சொல்லவில்லை.
"பொட்டிக்கு ஒரு பேர் வைடா" என்றாள்.
டின்னைக் கவிழ்த்து
மார்க்கரால் அடியில் எழுதினேன்:
17.