டிரிப் ஷீட்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி.
கீழே ஜெராக்ஸ் கடை, மேலே எட்டுக்குப் பத்து அறை,
நீலப் பாய், இரண்டு குட்டி நாற்காலி.
ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருக்கிறது,
வெயில் கோடு விழுந்தால் அவன் அதோடு போய்விடுவான் என்று.

ஜெசிந்தா மிஸ் கூப்பிடுகிறாள்: அகரன்.
கழித்தல்.
அகரன்.
கழித்தல்.
எழுத்துக்கு முதல், பேச்சுக்கும் முதலாகட்டும் என்று
நானும் செண்பகவல்லியும் தேடிப் பிடித்த பெயர்
பத்து முறை சுவரில் பட்டு
பத்துக் கோடாகத் தாளில் விழுகிறது.

எனக்கு அந்தத் தாள் புதிதில்லை.
பதினோரு வருடமாக இதே எழுத்து வேலை.
ஆல்பேட்டை தாண்டினால் ஒரு வரி, முள்ளோடையில் ஒரு வரி,
ஸ்டேஜ் ஸ்டேஜாக மூடி
ஏறியது எத்தனை இறங்கியது எத்தனை,
தவளக்குப்பத்துக்குள் கணக்கு நேராக வேண்டும்.
இங்கே யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை.
வண்டி மட்டும் வாரம் ஐந்து நாள் ஓடுகிறது,
மணிக்கு நானூறு ரூபாய்.

"இவனுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"
முதல் நாளே கேட்டாள்.
முறுக்கு இல்லை. பலூன் இல்லை. செல்போன்கூட இல்லை.
மெஷின் வந்த பிறகு பரண்மேல் போட்ட
பழைய டிக்கெட் கட்டு,
ரோஸ் கலர், ஐந்து ரூபாய்.
கிழிக்கும்போது வரும் அந்த சர்ர்,
அதற்குத்தான் அவன் தலை திரும்பும்.
சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.
அவள் வெட்கப்படவில்லை.
கட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.
கையை நீட்டினால் ஒன்று.
வாயைத் திறந்தால் ஒன்று.
'த' என்று வெறும் காற்று வந்தாலும் ஒன்று.

நாற்பத்தெட்டு நாளில் சாமியே இறங்கிவிடும் என்பார்கள்.
எங்களுக்கு நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு வியாழக்கிழமை: தா.
கூட்டல்.
செண்பகவல்லி மாடிப்படியில் உட்கார்ந்து அழுததில்
யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து
ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்தினார்.

அறையில் பத்துக்கு எட்டு.
வீட்டில் பத்துக்கு சைபர்.
சொல்லை அங்கேயே விட்டுவிட்டு
செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வருகிறான்.

தாளில் இன்னொரு வரியும் இருந்தது:
கண்ணைப் பார்த்தல், ஐந்து நொடி.
முகவாயைப் பிடித்துத் திருப்பிய அன்று
சத்தமே இல்லாமல் உடம்பைக் கல்லாக்கிக்கொண்டான்.
மறுநாள் ஜெசிந்தா அந்த வரியை அடித்துவிட்டாள்.
மூஞ்சியைப் பார்க்க வைக்காமல் இதென்ன வைத்தியம் என்றார் மச்சான்.
நான் என் வண்டியை நினைத்துக்கொண்டேன்.
ஒரு நாளைக்கு எழுநூறு பேர்.
காசை நீட்டுவார்கள்,
"கிருமாம்பாக்கம் ஒண்ணு" என்று ஜன்னலிடம் சொல்வார்கள்.
என் கண்ணை யார் பார்த்தார்கள்?
எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் ஏற்றினேன்.
டிரைவர் அந்தோணிராஜ் பெண்ணையாற்றுப் பாலம்வரை
ஹாரனைத் தொடவில்லை. அவருக்கு அது நோன்பு மாதிரி.
நாலாவது சீட்டில் ஒரு பெயிண்டர்,
வாட்ச் பட்டையில் டிக்கெட்டைச் செருகியிருந்தார்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இவன் போய் நின்று, கையை நீட்டி,
வாட்சைப் பார்த்துக்கொண்டே:
தா.

அவர் கொடுத்துவிட்டார்.
சர்ர்.

கன்னியகோயிலில் செக்கிங் ஏறியது.
பெயிண்டர் பிள்ளையைக் காட்டினார்,
பிள்ளையிடம் நாலு துண்டு இருந்தது,
நம்பர் இருந்த துண்டு வாயில்.
என் பேட்டாவில் ஐம்பது பிடிப்பேன் என்றார் செக்கர்.
பிடித்துக்கொள்ளுங்கள் சார் என்றேன்,
எதற்கு இவன் சிரிக்கிறான் என்று முறைத்தார்.
டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
புது ஆள். புது இடம். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
அதற்குள் இரண்டு ஸ்டேஜ் மூடாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை ஜெசிந்தா கூப்பிட்டாள்: அகரன்.
கழித்தல்.
மடியில் புதுக் கட்டு,
பச்சைக் கலர், ஏழு ரூபாய்.
ரோஸ் தீர்ந்துவிட்டது.