மூன்றாம் குழு

ஏழு கிலோ இருநூறு கிராம்.
தராசைப் பார்த்த பெண் என்னைப் பார்க்கவில்லை.
கப்பலூர் பட்டறையின் பித்தளை வால்வை
பையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.
பை சரியாகிவிட்டது.
சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது.

முதல் குழு மட்டும் வரலாம் என்றார்கள்.
மூன்று குழுவும் எழுந்தது.
முன்னால் நின்றவருக்குத் திருமங்கலத்தில் விதைக்கடை.
"சன்னலோரத்துக்கு நானூறு தனியா வாங்கிட்டாய்ங்க.
மாட்டுத்தாவணியில
ஒரு துண்டு போட்டா முடிஞ்சிரும்"
என்றவரின் தோளில் துண்டு இருந்தது.

நாற்பது நிமிடம் தாமதம்.
ஒலிபெருக்கி வருந்தியது,
ஆங்கிலத்தில் கொஞ்சம் கூடுதலாக.
டீ நூற்றெண்பது ரூபாய்:
வெந்நீர் ஒரு கையில், தூள் பொட்டலம் மறு கையில்,
கலக்குவது நம் பாடு.
உட்கார்ந்திருந்த நாற்காலியில்
அதற்குள் யாரோ தூங்கிப்போயிருந்தார்.

பிறகு பேருந்து.
விமானம் கண்ணெதிரே எழுபது எட்டில்.
நடக்கக் கூடாதாம்.
கதவு சாத்தி, குளிர்காற்று நின்று,
பெருங்குடி வெயில் கண்ணாடி வழியே
டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டது.
ஒரு குழந்தை கம்பியை நக்கியது.
அதன் அம்மாவுக்குத் தடுக்கத் தெம்பில்லை.
விதைக்கடைக்காரர் துண்டை எடுத்து
அந்தக் குழந்தைக்கு விசிறினார்.

செண்பகவல்லி கூப்பிட்டாள்.
"ஏறியாச்சா?"
"ஏறியாச்சு."
எதில் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.
தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி
அந்த எழுபது எட்டையும் நடந்தே போய்
இறக்கையின் நிழலில் நின்றுகொண்டார்.